ஐம்பத்திரண்டு மைல் நடுக்கம்

சேதுபதி முதலாளியின் புதிய வென்டர்பி கார் ஐம்பத்தோரு மைல் வேகம் வரைக்கும் பூப்போல ஓடும். ஐம்பத்திரண்டைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பிக்கும். அங்கிருந்து தரைக்கு, தரையிலிருந்து பின் இருக்கைக்கு, பின் இருக்கையிலிருந்து முதலாளியின் வாய்க்கு என்று அந்த நடுக்கம் வரிசை தவறாமல் பயணம் செய்யும். முதலாளிக்கு இரண்டு வரிசைப் பல்லும் அந்த வருஷம்தான் புதிதாகக் கட்டியிருந்தார்கள். ஐம்பத்தெட்டைத் தாண்டினால் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் அதுவரை வாயை மூடிக்கொண்டிருக்கும் வழக்கம் முதலாளிக்குக் கிடையாது.

அறுபத்திரண்டாம் வருஷம் அது. சிராங்கூன் ரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்த சேதுபதிக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, ஜூரோங்கில் ஒரு சட்டைத் தொழிற்சாலை. இரண்டு, அந்தத் தொழிற்சாலைக்குப் போய்வர ஒரு வேகமான கார். தொழிற்சாலை இன்னும் வரவில்லை; செம்மண்ணில் நான்கு முளைகள் மட்டும் அடித்திருந்தார்கள். கார் வந்துவிட்டது. இரண்டே கதவு, நீளமான மூக்கு, மணிக்கு நூற்றிருபது மைல் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. பின் இருக்கைக்குப் போக வேண்டுமானால் முன் இருக்கையை மடக்கி, முதலாளியையும் மடக்கி உள்ளே அனுப்ப வேண்டும். சனிக்கிழமைதோறும் அந்த நான்கு முளைகளையும் பார்த்துவர அவர் அப்படித்தான் போனார்.

டிரைவர் அப்துல் முத்தலிப்புக்கு அவரிடம் பதினான்கு வருஷ வேலை. பழைய காரில் அவர் ஓட்டும்போது முதலாளி கோப்பி குடித்துக்கொண்டே போவார். வேட்டியில் ஒரு சொட்டுச் சிந்தியதில்லை. வேலையோடு கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்திருந்தார் முதலாளி. முத்தலிப்பும் மனைவி ருக்கையாவும் இரண்டு மகள்களும் அதில்தான் இருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும். இது யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம், ஆனால் அந்த அறையில் இருந்த நான்கு பேருக்கும் தெரியும்.

மூன்றாவது சனிக்கிழமை முதலாளி பல்லைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"முத்தலிப், நான் வாங்கினது புதுக் கார். ஆடறது யாரு, காரா நீயா?"

"கார்தான் முதலாளி. முன் பக்கம் ஏதோ இருக்கு."

"அப்போ கம்பெனிக்கிட்டச் சொல்லிச் சரிபண்ணிக் கொண்டா. இந்த மாசக் கடைசிக்குள்ள. மச்சான் மகன் லைசென்ஸ் எடுத்துட்டுச் சும்மாதான் இருக்கான், தெரியும்ல?"

முத்தலிப்புக்குத் தெரியும். மச்சான் மகன் மூன்று மாதமாகக் கடை வாசலில்தான் சும்மா இருந்தான்.

வென்டர்பி கார்களை விற்ற கிரேடன் ஹோம்ஸ் கம்பெனி ஆர்ச்சர்ட் ரோட்டில் கண்ணாடி மாளிகையாக நின்றது. அதன் பழுது பார்க்கும் பிரிவுக்குப் பின் சந்து வழியாகப் போக வேண்டும். அங்கே வாடிக்கையாளர் தொடர்பு அதிகாரியாக இருந்தவர் அழகப்பன். கழுத்துப் பட்டையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த அவர் கம்பெனியை 'நாம்' என்றும் மற்ற உலகத்தை 'வெளியாட்கள்' என்றும் சொல்லுவார்.

"குறை என்ன?" என்று மூன்று படிவங்களை நகர்த்தினார்.

"வண்டி ஆடுது சார். ஐம்பத்திரண்டு மைல்ல."

அழகப்பன் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். "வென்டர்பிக்கு வரக்கூடிய குறைன்னு இங்கிலாந்துல நாற்பத்தோரு குறைகளை அங்கீகரிச்சிருக்காங்க. ஆட்டம் அதுல இல்லை. நாற்பத்தொண்ணுல எது உங்களுக்குத் தோதா இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க."

"எதுவும் இல்லையே சார்."

"அப்படின்னா உங்க வண்டியில குறை இல்லை. சந்தோஷமாப் போங்க."

முத்தலிப் போகவில்லை. அரை மணி நேரம் நின்றார். கடைசியில் அழகப்பன் மனமிரங்கி இருபத்தேழாவது குறையை, 'இருக்கையில் சுகக் குறைவு' என்பதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். நான்கு நாள் வண்டியை வைத்துக்கொண்டு பின் இருக்கைக்குப் புதுப் பஞ்சு வைத்தார்கள். அடுத்த சனிக்கிழமை முதலாளி முன்பைவிட இரண்டு அங்குலம் உயரத்தில் உட்கார்ந்து ஆடினார். தலை கூரையில் இடித்ததுதான் புது வசதி.

இரண்டாம் முறை போனபோது நாணயப் பரீட்சை நடந்தது. இதற்கென்றே வெல்வெட்டுப் பெட்டியில் ஒரு வெள்ளி நாணயம் வைத்திருந்தார்கள். வெள்ளைக் கையுறை அணிந்த ஒருவர் அதை இரண்டு விரலால் எடுத்துவந்தார். வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் ஓடவிட்டு, மூக்கின் மேல் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினார்கள். பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். ஐந்து நிமிஷம் நாணயம் அசையவில்லை. யாரோ மெல்லக் கைதட்டினார்கள்.

"பார்த்தீங்களா? இருபத்தெட்டு வருஷமா இந்த நாணயம் நம்ம கம்பெனியில ஒரு தடவைகூட விழுந்ததில்லை" என்றார் அழகப்பன்.

"நிக்கறப்ப ஆடல சார். ஓடறப்பத்தான் ஆடுது."

"ஓடற வண்டி மேல நாணயத்தை எப்படி நிறுத்தறது?"

"முடியாது சார்."

"நீங்களே சொல்லிட்டீங்க. பரீட்சை பண்ண முடியாததை எப்படிக் குறைன்னு எழுதறது? நாளைக்கு நீங்க வண்டி கனவு காணுதுன்னு சொன்னா அதையும் நான் எழுதணுமா?"

மூன்றாம் முறை, முத்தலிப் கெஞ்சியதன் பேரில், சாலைப் பரீட்சை. கம்பெனியின் பரீட்சைப் பாதை பட்டறை வாசலில் தொடங்கி, ஃபேரர் பார்க் திடலை ஒரு சுற்றுச் சுற்றி, பட்டறை வாசலில் முடிந்தது. வேகம் முப்பது மைல். அதற்கு மேல் போனால் இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது. அழகப்பன் பின்னால் உட்கார்ந்து தொடையில் அட்டையை வைத்துக் குறித்துக்கொண்டே வந்தார். திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் இவர்களைவிட வேகமாக ஓடினார்கள்.

"சார், ஜூரோங் ரோட்டுல போய் ஐம்பத்திரண்டுல ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாப் போதும் சார்."

"நாம் எந்தக் குறையையும் முப்பதுக்குள்ளதான் பார்ப்போம். முப்பதுக்குள்ள வரத் தெரியாத குறையை நாம் தேடிக்கிட்டுப் போக முடியாது, லா."

"அப்போ விளம்பரத்துல நூத்திருபதுன்னு போட்டிருக்கே சார்."

"அது விற்பனைப் பிரிவு. அது வேற கட்டடம்."

மாசக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருந்தது. அன்று சாயங்காலம் முத்தலிப் ஃபேரர் பார்க் பக்கம் டயர்க்கடை வைத்திருந்த ரவூப்பிடம் போனார். ரவூப்பிடம் படிவம் இல்லை, நாணயமும் இல்லை. ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டார். சக்கரம் சுற்றி நின்றது. மறுபடி சுற்றினார். அதே இடம்தான் கீழே வந்து நின்றது. மூன்றாம் முறையும் அப்படியே.

"நானா, இங்க பாருங்க" என்று, முத்தலிப்பை அண்ணன் முறையில் அழைத்து, விளிம்பில் ஒரு வெளிர்த் தழும்பைக் காட்டினார் ரவூப். "சக்கரம் எல்லாப் பக்கமும் ஒரே கனமா இருக்காது. லேசான பக்கத்துல விரல்கட்டை அளவு ஒரு ஈயக்கட்டியை மாட்டித்தான் அனுப்புவான். இதுல அது இருந்திருக்கு. எவனோ பிடுங்கியிருக்கான்."

தன்னிடமிருந்த ஒரு ஈயக்கட்டியை அந்தத் தழும்பிலேயே தட்டி மாட்டினார். ஒரு கோப்பை தே குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை ஜூரோங் ரோட்டில் முள் ஐம்பத்திரண்டைத் தொட்டது, தாண்டியது. வண்டி எண்ணெயில் வழுக்குவது போலப் போனது. முதலாளி ஐம்பத்தைந்தில் ஒரு முழு வாக்கியத்தைப் பேசி முடித்தார். முத்தலிப்புக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பது வெள்ளி சம்பளம் கூட்டியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டார்.

திங்கட்கிழமை ஆயிரம் மைல் இலவசப் பரிசோதனை. அதற்கு வண்டியைக் கொண்டுபோகாவிட்டால் கம்பெனியின் உத்தரவாதம் செல்லாது. முத்தலிப் கொண்டுபோனார். அவர்கள் கழுவித் துடைத்து, மினுக்கி, ரோஜாப்பூ ஒன்றைக் கண்ணாடியில் செருகிக் கொடுத்தார்கள். வீடு திரும்பும் வழியில் புக்கித் தீமா ரோட்டில் ஓர் ஆசைக்கு வேகம் பிடித்தார். ஐம்பத்திரண்டில் ஸ்டீயரிங் நடுங்கியது.

அப்படியே வண்டியைத் திருப்பிப் பட்டறைக்குப் போனார். கழுவும் இடத்தில் இராமசாமி என்பவர் ரப்பர் பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, சக்கரத்துல ஒரு ஈயக்கட்டி இருந்துச்சே?"

"ஆமா பாய், இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்" என்றார் இராமசாமி பெருமையாக. "பதினேழாம் ரூல். சக்கரத்துல கம்பெனிப் பட்டியல்ல இல்லாத எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. சேறு, சாணி, தார், எல்லாம். எல்லா வண்டியிலயும் இந்த ஈயம் ஒட்டிக்கிட்டுத்தான் கப்பல்ல வருது. ஸ்குரூடிரைவர் வச்சு நெம்பணும், சும்மா வராது."

"அதைப் பிடுங்கினா வண்டி ஆடும் அண்ணே."

"ஆடுமா? பட்டியல்ல ஈயம் இல்லையே பாய்."

பிடுங்கியதையெல்லாம் அவர் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்திருந்தார். தகரம் நிறைந்ததும் மேலாளர் பென்டில் துரையின் அறைக்குப் போகும். துரைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கும் பழக்கம். தூண்டிலுக்குக் கனம் வேண்டுமல்லவா?

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். முத்தலிப் இதைச் சொன்னதும் அழகப்பன் எழுந்து கதவைச் சாத்தினார். இரண்டே நாளில் விசாரணைக் குழு கூடியது. நீள மேசை. தலைப்பக்கத்தில் பென்டில் துரை, பக்கத்தில் மொழிபெயர்க்க அழகப்பன், குறிப்பெழுத ஒருவர், வெல்வெட்டுப் பெட்டியோடு கையுறைக்காரர். முத்தலிப்புக்கு நாற்காலி போடவில்லை. வெளியாட்களுக்கு எத்தனை நாற்காலி என்று விதிப்புத்தகத்தில் இல்லையாம்.

"துரை கேக்கறாரு, ஈயம் இருந்ததுன்னு சொல்றீங்களே, அதை மாட்டினது யாரு?"

"முதல்ல இருந்தது கம்பெனி மாட்டினது சார். ரெண்டாவது ரவூப் மாட்டினது."

"கம்பெனி மாட்டினதைக் கம்பெனியே எடுக்காது. அதனால முதல் ஈயம்னு ஒண்ணு இல்லை. ரெண்டாவது வெளியாள் மாட்டினது. அதை நாம் எடுத்தது உங்களுக்குச் செஞ்ச உபகாரம்."

முத்தலிப் சுற்றும்முற்றும் பார்த்தார். அலமாரியில் ஒரு தூண்டில் சாய்ந்திருந்தது. அதன் நூலில் விரல்கட்டை அளவில் மூன்று ஈயக்கட்டிகள், மாட்டும் கொக்கிகூடக் கழற்றாமல், வரிசையாகத் தொங்கின.

"சார், அதோ! அதுதான் சார்!"

"அது துரையோட சொந்தப் பொருள்" என்று அழகப்பன் பல்லைக் கடித்தார். ஆனால் தூண்டிலை ஒருவர் கவனித்ததில் துரைக்கு மகிழ்ச்சி பொங்கிவிட்டது. எழுந்துபோய் அதை எடுத்துக்காட்டி ஐந்து நிமிஷம் பேசினார். அழகப்பன் வேர்த்து விறுவிறுத்து மொழிபெயர்த்தார்: "துரை சொல்றாரு, இது உயர்ந்த இங்கிலாந்து ஈயமாம். இந்த ஊர்ல வாராவாரம் தானாக் கிடைக்குதாம். எங்கேருந்து வருதுன்னு அவர் கேட்டதே இல்லையாம். கேக்காம இருக்கறதுனாலதான் பதினோரு வருஷமா மேலாளரா இருக்காராம்."

குறிப்பெழுதுபவர் இதையும் எழுதினார்.

அப்புறம் துரை முடிவுக்கு வந்தார். காரைப் பார்த்தாயிற்று. இருக்கையைப் பார்த்தாயிற்று. சாலையையும் பார்த்தாயிற்று. இன்னும் பார்க்காதது ஒன்றுதான்.

"வலது கையை நீட்டுங்க" என்றார் அழகப்பன்.

முத்தலிப் நீட்டினார். கையுறைக்காரர் பெட்டியைத் திறந்து நாணயத்தை எடுத்து, புறங்கையில் விளிம்பால் நிறுத்தி, விரலை எடுத்தார். நாணயம் மேசையில் விழுந்து உருண்டு துரையின் முன்னால் போய்ப் படுத்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அது விழுந்தது அதுதான் முதல் தடவை.

"யாரு கையிலயும் நிக்காது சார்!"

"மத்தவங்க கை இங்கே விசாரணையில இல்லை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். உங்க கை நடுங்கறதுக்கு எங்க சக்கரத்தைக் குத்தம் சொல்றீங்களே, நியாயமா?"

சான்றிதழ் அடுத்த நாளே முதலாளிக்குப் போனது. தடித்த காகிதம், மூன்று கையெழுத்து, சிவப்பு முத்திரை. 'இவ்வண்டியில் நடுக்கம் இல்லை. நடுக்கம் ஓட்டுநரிடம் உள்ளது. உறுதி செய்துகொள்ள விரும்பினால், சனிக்கிழமை கம்பெனியின் ஓட்டுநரைக் கொண்டு அதே சாலையில் ஓட்டிப் பார்க்கலாம்.'

முதலாளி அதை இரண்டு முறை படித்தார். அவர் கெட்டவர் இல்லை. "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும் முத்தலிப். பதினாலு வருஷம் பார்த்திருக்கேன். ஆனா இங்கிலீஷ்ல எழுதிட்டானேப்பா!"

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து முத்தலிப் வண்டியைத் துடைத்தார். தண்ணீர் பார்த்தார், எண்ணெய் பார்த்தார், டயருக்குக் காற்று அடித்தார். இன்னொரு டிரைவர் கையில் வண்டியைக் கொடுக்கும்போது ஒரு குறையும் இல்லாமல் கொடுக்க வேண்டும். இருபது வருஷத் தொழிலில் இதை அவர் ஒரு நாளும் மீறியதில்லை. வேறொருவன் கைக்கு ஆடுகிற ஸ்டீயரிங்கைக் கொடுப்பதா? கை தானாக வண்டியை ரவூப் கடைக்குத் திருப்பியது. கடையில் கூட்டம். ரவூப் ஒன்றும் கேட்காமல் ஈயக்கட்டியைத் தட்டி மாட்டிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை கம்பெனி டிரைவர் வெள்ளைச் சட்டையில் வந்தார். முதலாளி முத்தலிப்பையும் முன்னால் அந்த டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஜூரோங் ரோட்டில் முள் ஏறியது. நாற்பத்தெட்டு, ஐம்பது, ஐம்பத்தொன்று. அப்போதுதான் முத்தலிப்புக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. ஆடு, ஆடு என்று மனசு அடித்துக்கொண்டது. ஐம்பத்திரண்டு. ஐம்பத்து மூன்று. வண்டி ஆடவில்லை. பின்னாலிருந்து முதலாளி மூன்று வாக்கியம் பேசினார், மூன்றும் சுத்தமாக இருந்தன. என்ன அழகாகப் போகிறது என்று ஒரு கணம் முத்தலிப்புக்கே பெருமையாக இருந்தது. அதுதான் கொடுமை.

"முதலாளி, நேத்து நான் ஈயம் மாட்டினேன். அதனாலதான் ஆடல."

"யாரைக் கேட்டு மாட்டினே? உத்தரவாதம் போயிடுமே!" என்றார் முதலாளி. பிறகு தணிந்த குரலில், "விடு முத்தலிப். நீ பக்கத்துல உக்காந்திருந்தப்போ ஆடல. ஆடினதெல்லாம் நீ ஓட்டினப்பத்தான். இனி நான் என்னப்பா பண்றது?" என்றார்.

விஷயம் கேட்ட ரவூப் தலையில் அடித்துக்கொண்டார். "நானா, வேற ஒருத்தன் ஓட்டப்போறான்னு ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா நாலு சக்கரத்துலயும் தப்பான பக்கத்துல ஈயத்தை மாட்டி அனுப்பியிருப்பேனே!"

மச்சான் மகன் டிரைவர் ஆனான். முத்தலிப் குடும்பம் கெர்பாவ் ரோட்டில் ஒரு படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறைக்கு மாறியது. வேறு முதலாளிகளிடம் வேலை கேட்டுப் பார்த்தார். கிரேடன் ஹோம்ஸ் கம்பெனி பொதுநலம் கருதித் தன் சான்றிதழின் நகலை ஊரிலுள்ள எல்லா மோட்டார் கம்பெனிகளுக்கும் அனுப்பிவைத்திருந்தது. கடைசியில் ஒரு காய்கறி லாரியில் கூடை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. லாரியை ஓட்டியவன் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் முத்தலிப் கண்ணை மூடிக்கொள்வார்.

ஆனால் ஒரு நம்பிக்கை இருந்தது. ருக்கையாதான் அதைக் கண்டுபிடித்தாள்.

"ரெண்டாயிரம் மைல்ல திரும்பவும் கம்பெனிக்குப் போகும்ல? அந்த இராமசாமி திரும்பவும் பிடுங்குவாரு. வண்டி திரும்பவும் ஆடும். அப்போ முதலாளிக்குத் தெரியாமலா போகும்?"

அன்றிலிருந்து இருவரும் மைல் எண்ணினார்கள். ஜூரோங்குக்குப் போகவர இத்தனை, கடைக்கு இத்தனை, கோவிலுக்கு இத்தனை. இரண்டரை மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, கண்ணாடியில் ரோஜாப்பூவோடு வென்டர்பி சிராங்கூன் ரோட்டில் போவதை ருக்கையா பார்த்தாள். அந்தச் சனிக்கிழமை முதலாளி ஜூரோங்கிலிருந்து பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினார் என்று கடைப் பையன்கள் சொன்னார்கள். அவர் கம்பெனிக்குக் கடுமையாகக் கடிதம் எழுதியிருக்கிறார் என்றும் தெரியவந்தது.

பத்து நாள் பொறுத்தார் முத்தலிப். அப்புறம் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். வாசலில் வண்டி நின்றது. பக்கத்திலேயே முதலாளி, வாய் பொக்கையாக, கையில் ஒரு தடித்த காகிதத்தோடு. சிவப்பு முத்திரையை முத்தலிப்புக்குத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது.

"முதலாளி!"

"அங்கேயே நில்லு முத்தலிப்!" முதலாளி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "கிட்ட வராதே. உன் மேல எனக்குக் கோபம் இல்லை. பதில் வந்திருக்கு. உன்னோட நடுக்கம் வண்டியில ஊறிப்போச்சாம். புது டிரைவர் கைக்கு வண்டி பழகி, அது எறங்கறதுக்கு ஆறு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் நீ வண்டிப்பக்கம் வரக் கூடாதாம். மூணு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்கப்பா."

முத்தலிப் வாயைத் திறந்தார். ஈயம் என்று சொல்லத்தான் திறந்தார். சான்றிதழை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த முதலாளியின் முகத்தைப் பார்த்ததும் அந்த வார்த்தை வரவில்லை.

"எத்தனை அடி தள்ளி நிக்கணும் முதலாளி?"

முதலாளி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "இருபது."

முத்தலிப் ஒவ்வொரு அடியாக எண்ணிப் பின்னால் போய் நின்றார். முன் சக்கரத்து விளிம்பில் ஈயக்கட்டி இல்லாத இடம், வெளிர்த் தழும்பாக, இருபதடியிலிருந்து பார்த்தாலும் நன்றாகத் தெரிந்தது.